ஓரத்து வீடுகள்

கல்லுமலைத் தோட்டத்தில் விடியலில் ஆள் கூட்டுகிற பெரட்டு மணி அடிப்பது நின்றுபோன பிறகும் ராக்காயியின் உடம்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. கோழி கூவுவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து தலைக்குத் துணி கட்டக் கை போகும். அப்போதுதான், போய்ப் பால் வெட்டுவதற்கு ரப்பர் மரம் இல்லை என்பது நினைவுக்கு வரும். மறுபடி படுத்தாலும் தூக்கம் வராது. பக்கத்தில் அவள் புருஷன் சன்னாசி முதுகுவலியோடு முனகிப் புரள்வான். ஒரே மகன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அந்நேரத்தில் பேசவும் ஆளில்லை, ஓடவும் வேலையில்லை. ஆனாலும் நாள் முழுக்க ஓடின மாதிரி ஓர் அலுப்பு எலும்புக்குள் இருந்துகொண்டே இருந்தது.

ஈப்போவுக்கு வடக்கே செமோர் என்ற சிற்றூரைத் தாண்டி, சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருந்தது அந்தத் தோட்டம். எண்பதாம் ஆண்டில் வெள்ளைக்காரக் கம்பெனி அதை விற்றுவிட்டுப் போனது. வாங்கியவர்கள் பாலுக்காக வாங்கவில்லை, வீடு கட்டி விற்பதற்காக வாங்கினார்கள். மரங்களை ஒரு பக்கத்திலிருந்து சாய்த்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் கூலியாட்கள் குடியிருந்த வரிசை வீடுகளாக மூன்று லயங்கள் இருந்தன. முன்லயம், நடுலயம், பின்லயம் என்று பெயர். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எங்கே போவது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

லயத்து ஆட்கள் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்தார்கள். முன்லயத்து ராமையா தலைவர். நடுலயத்து ராக்காயிக்கு மலாய் நன்றாக வரும், ஆபீசில் போய்ப் பயப்படாமல் பேசுவாள், அதனால் அவளையும் இழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து எது நடந்தாலும் அவள் வாசலில்தான் வந்து நின்றார்கள். குழாயில் தண்ணீர் நின்றால் ராக்காயி. கோயிலுக்குப் போகும் பாதையில் மண்ணைக் கொட்டினால் ராக்காயி. யாரோ இரண்டு பேர் கோழிக்குச் சண்டை போட்டுக்கொண்டாலும் ராக்காயி. அவளும் ஓடினாள். யார் கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"நீ போகலன்னா என்னா ஆவும்?" என்று சன்னாசி ஒருநாள் கேட்டான்.

"நான் போகலன்னா யாரு போவா?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேலை இல்லாமல் எத்தனை நாள் இருப்பது? ஈப்போவில், ஒரு பல்பொருள் அங்காடிக் கட்டடத்தின் மாடியில், லியோங் என்ற சீனன் வீடியோ கேம் கடை வைத்திருந்தான். துடைத்துப் பெருக்க ஆள் தேடினான். ராக்காயி பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துகொண்டாள். வரிசையாக அலமாரி உயரப் பெட்டிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு கண்ணாடி, அதற்குள் ஓடுகிற வெளிச்சப் புள்ளிகள். பத்து மணிக்குக் கதவு திறந்தால் பையன்கள் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். சிகரெட் சாம்பலும் கச்சாங் கடலைத் தோலும் தரையெங்கும் கிடக்கும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. பிறகு காது பழகிவிட்டது.

கடை திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பெட்டியும் ஓடுகிறதா என்று லியோங் ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்பான். ஒருமுறை பெட்டியை நகர்த்தும்போது அவன் மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப்போட்ட கையோடு வந்து, "அம்மா, இனிமே நீ ஆடிப் பாரு. கம்பு சரியா அசையுதா, பொத்தான் அமுங்குதா, அது தெரிஞ்சா போதும்" என்று மலாயில் சொன்னான். சாவியால் பெட்டியைத் திறந்து காசில்லாமல் ஓடவிட்டான்.

ராக்காயி வெட்கத்தோடுதான் கம்பைப் பிடித்தாள். நாற்பது வயதுக்கு மேல் இதென்ன கூத்து என்றிருந்தது. சுடுகிற பெட்டிகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. கார் ஓட்டுகிற பெட்டி வயிற்றைப் புரட்டியது. கடைசி வரிசையில் ஒரு பழைய பெட்டி இருந்தது. அதன் மேல் எழுதியிருந்த ஜப்பான் எழுத்தைக் கடையில் யாராலும் படிக்க முடியாது. திரையின் மேல்பாதியில் ஓர் ஆறு. அதற்குக் கீழே ஒரு கரை. கரைக்குக் கீழே வரிசையாகச் சில குடிசைகள். கரை அங்கங்கே விரிசல் விடும், விரிசல் ஓட்டையாகும், தண்ணீர் ஒழுகும். மண்மூட்டை சுமந்த ஒரு குட்டி மனுஷன் அங்குமிங்கும் ஓடி ஓட்டையை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அந்த ஓட்டைக்கு நேர் கீழே இருக்கிற குடிசை மூழ்கிவிடும். எல்லாக் குடிசையும் மூழ்கினால் ஆட்டம் முடிந்தது.

இது அவளுக்குப் புரிந்தது. யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் ஆட்டம் தொடங்கிய வேகத்தில் முடிந்துவிட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. விரிசலைக் கண்டதும் ஓடினாள். இடது கோடியில் ஒரு விரிசல் என்று ஓடினால் வலது கோடியில் ஒன்று விடும். அங்கே போவதற்குள் நடுவில் இரண்டு குடிசை போய்விடும். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த லியோங் சிரித்தான்.

"நீ ரொம்ப ராஜின், அம்மா. அதான் சாவுற."

மலாயில் சுறுசுறுப்பை ராஜின் என்பார்கள். சுறுசுறுப்பாக இருப்பதால் ஒருவர் சாகிறார் என்பதை ராக்காயி அதுவரை கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அந்த வார்த்தை அவளை விட்டு நகரவில்லை.

நாள்பட நாள்பட அவள் பெட்டியைப் பார்க்கப் பழகினாள். விடுகிற விரிசல் எல்லாம் ஓட்டையாவதில்லை என்பது முதலில் தெரிந்தது. மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். கொஞ்ச நேரம் விட்டால் தானாகவே மறைந்துவிடும். நிறம் மாறிச் சிவக்கிற விரிசலுக்கு மட்டும்தான் ஓட வேண்டும். பிறகு, கம்பை இறுக்கிப் பிடித்தால் மனுஷன் வேகமாக ஓடுவதில்லை, தன் கைதான் வலிக்கிறது என்பது தெரிந்தது. நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் கிட்டம் என்று அதற்கப்புறம் கண்டுகொண்டாள்.

இதையெல்லாம் அவள் பாடமாக எடுத்துக்கொண்டாளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் லயத்தில் ஆட்கள் கவனித்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருநாள் இரண்டு வீட்டுக்குள் பெரிய சத்தம். வழக்கம்போல ஆள் வந்து கூப்பிட்டது. ராக்காயி சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டபடி, "வாரேன், போங்க" என்றாள். போகவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு வெளியே வந்தபோது சண்டை போட்ட இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் எத்தனை மயிரிழைக்கு ஓடியிருக்கிறோம் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?" என்றான் சன்னாசி.

"ஒண்ணும் இல்ல. அசதி."

பெட்டியில் மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் அவளால் போக முடியவில்லை. சுற்றுக்குச் சுற்று ஆற்றின் வேகம் கூடியது. எவ்வளவு நிதானமாக நின்றாலும் இரண்டு கோடியும் சேர்ந்து உடைகிற நேரம் ஒன்று வரும். அங்கே போனால் நடு போகும். ஒரு காலை கையில் தெம்பில்லாமல், போகட்டும் என்று அவள் இரண்டு கோடிக் குடிசைகளையும் விட்டுவிட்டாள். அவை மூழ்கின. குட்டி மனுஷனை நடுவிலேயே நிறுத்தி, நடுக் குடிசைகளை மட்டும் காத்தாள். அன்றைக்கு ஆட்டம் முடியவே மாட்டேன் என்றது. லியோங் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றான்.

"இப்பத்தான் புரிஞ்சிருக்கு உனக்கு" என்றான். "எல்லாத்தையும் காப்பாத்துறவன் இந்தப் பெட்டியில ஜெயிச்சதே இல்ல."

"இதுல ஜெயிக்கிறதுன்னு ஒண்ணு இருக்கா, தவுக்கே?"

கடை முதலாளியை அவள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவாள். அவன் யோசித்தான். "இல்ல. வேகம் கூடிக்கிட்டேதான் போவும். எவ்வளவு நேரம் தாங்குறோம்னுதான்."

அந்த நேரத்தில்தான் தோட்டத்தை வாங்கிய வீட்டுக் கம்பெனியிலிருந்து பேச்சு வந்தது. ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் தம்பிமுத்து என்ற யாழ்ப்பாணத்துக்காரர் குமாஸ்தாவாக இருந்தார். லயத்துக்காரர்களின் வழக்கை அவர்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அவரும் களைத்துப் போயிருந்தார். ராமையாவையும் ராக்காயியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தோட்டத்து ஆக்களாப் பேர் பதிஞ்ச ஆக்களுக்கு வீடு தருவினமாம். சின்ன வீடு, ஆனா சொந்த வீடு. கொந்திராக்கில வந்து தங்கின ஆக்களுக்கு இல்லையாம். இதுதான் கடைசிப் பேச்சு எண்டு சொல்லீனம்."

ராமையா எழுந்தே விட்டார். "அப்ப பின்லயம்?"

தம்பிமுத்து கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

பின்லயத்தில் இருந்தவர்கள் வேறு தோட்டங்கள் விற்றுப் போனபோது அங்கிருந்து வந்தவர்கள். கொந்திராக்கு எடுத்த ஒப்பந்தக்காரர்களுக்குக் கீழே, பால் வெட்டு அல்லாத வெளிக்காட்டு வேலை செய்தவர்கள். தோட்டத்துப் பதிவில் பெயர் கிடையாது. அவர்களில் ஒருத்தி வீரம்மா. அவள் புருஷன் சீனி, இதே தோட்டத்தின் மரங்களைச் சாய்க்கிற கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். அது ஒன்றுதான் அவனுக்குக் கிடைத்த வேலை. லயத்துக்குக் கம்பெனி தண்ணீரை நிறுத்தியபோது ஆபீஸ் வாசலில் மழையோடு மழையாக ராக்காயிக்குப் பக்கத்தில் நின்றவள் வீரம்மா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முன்பு கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஆயாக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பின்லயத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். ராமையா தொண்டை கட்டுகிற வரைக்கும் பேசினார். எல்லாருக்கும் வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம் என்றார். கை தட்டினார்கள். ஆனால் தட்டிய கைகளில் பலம் இல்லை. ஒரு கிழவர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். புல்டோசர் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

ராக்காயி எழுந்தாள். எழும்போது முழங்கால் சொடுக்கியது.

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. நாலு வருஷமா எல்லாப் பக்கமும் ஓடிட்டோம். இன்னும் ஓடுனா, இருக்கிறதும் போயிரும். புடிக்க முடியிறத மொதல்ல புடிப்போம்."

"பின்லயத்த என்னா பண்றது, ராக்காயி? அவங்க மனுசங்க இல்லியா?"

"மனுசங்கதான். நம்மகிட்ட ரெண்டு கைதான் இருக்கு."

கொட்டகையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லார் மனசிலும் அது இருந்திருக்கிறது. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். கை தூக்கச் சொன்னபோது முன்லயமும் நடுலயமும் தூக்கின. ராமையா கடைசிவரை தூக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "சரி" என்று மட்டும் சொன்னார்.

சேதியைப் பின்லயத்துக்குப் போய்ச் சொல்ல யாரும் முன்வரவில்லை. ராக்காயிதான் போனாள்.

வீரம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? கூட்டத்துல சண்டையா?"

"சண்டை இல்ல. முடிவாயிருச்சு." ராக்காயி நின்றபடியே சொன்னாள். "முன்லயத்துக்கும் நடுலயத்துக்கும் வீடு கெடைக்கிது. பின்லயத்துக்கு இல்ல."

வீரம்மாவின் கத்தி நிற்கவில்லை. "யாரு சொன்னா?"

"கம்பெனி."

"கம்பெனி சொல்லும்லா. அது சொல்றதுக்குத்தானே இருக்கு. நம்ம ஆளுங்கள்ல யாரு சரின்னா?"

"நான்தான் மொதல்ல சொன்னேன்."

வீரம்மா கிழங்கை வாளியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"எல்லாத்தையும் புடிச்சிக்கிட்டு நின்னா எல்லாமே போயிரும், வீரம்மா. வேற வழி இல்ல."

"போயிரும்னு உனக்கு யாரு சொன்னா?"

ராக்காயி வாளியில் கிடந்த கிழங்கைப் பார்த்தாள். தம்பிமுத்து சொன்னார் என்று சொல்லலாம். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. தனக்குள் அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். காலையில் கடை திறப்பதற்கு முன் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்று தெரிந்துகொண்டது. அதை இந்த வாசலில் நின்று எப்படிச் சொல்வது?

"உன் வீடு எங்கக்கா இருக்கு?" என்றாள் வீரம்மா. குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "நடுலயத்துலதானே? அதான். அங்கேருந்து பாத்தா நாங்க ஓரமாத்தான் தெரிவோம். இங்கேருந்து பாரு, நீதான் ஓரம்."

உள்ளே இருந்து அவள் மகள் மங்களம் எட்டிப் பார்த்தாள். வீரம்மா, "போய் அடுப்பப் பாரு" என்றாள். பிறகு ராக்காயியைப் பார்க்காமலே சொன்னாள்: "போக்கா. நீயும் வேலைக்குப் போயிட்டு வந்தவதானே."

மறுநாள் காலை ராக்காயி பெட்டிகளைத் துடைத்தாள், ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தாள். கடைசி வரிசைக்கு வந்தாள். கை தானாகவே வேலை செய்தது. கோடிக் குடிசைகள் மூழ்கின. மூழ்கும்போது ஒரு சின்னச் சத்தம் வந்தது, தண்ணீரில் கல் போட்ட மாதிரி. அது எப்போதும் வருகிற சத்தம்தான். அவள்தான் கேட்டதில்லை. சுற்று முடிந்து திரை ஒருமுறை வெளுத்தது. அடுத்த சுற்றில், மூழ்கிப்போன குடிசைகளும் சேர்ந்து எல்லாம் முழுசாக, புதுசாக வரிசையில் வந்து நின்றன.

அவள் கம்பை விட்டுவிட்டாள். ஆறு தன் பாட்டில் கரையை உடைத்தது.

"கெட்டுப்போச்சா?" என்று லியோங் கல்லாவிலிருந்து கேட்டான்.

"இல்ல தவுக்கே, நல்லாத்தான் ஓடுது. இந்தப் பெட்டிய மட்டும் இனிமே நீங்க பாத்துக்குங்க."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வருஷம் அந்தக் கடையையே மூடிவிட்டு, பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ராக்காயி பக்கத்துக் கட்டடத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கும் தட்டும் கழுவச் சேர்ந்தாள்.

பின்லயத்தை இடித்தபோது மழைக்காலம். போக்கிடம் கிடைத்தவர்கள் முன்பே போயிருந்தார்கள். வீரம்மா குடும்பம்தான் கடைசி. ஒரு சின்ன லாரி வந்தது. சாமான் அதிகமில்லை. சீனி அலமாரியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்க, மறுமுனைக்கு ஆள் இல்லாமல் நின்றான். ராக்காயி போய்ப் பிடித்தாள். வீரம்மா பார்த்தாள். விடு என்றும் சொல்லவில்லை, பிடி என்றும் சொல்லவில்லை. பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் கைவிட்ட ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்தில் சீனிக்குச் சொந்தக்காரர்கள் கொட்டகை போட்டு இருந்தார்கள், அங்கேதான் போனார்கள். லாரி போன பிறகு ராக்காயி நனைந்துகொண்டே நின்றாள். சன்னாசி வந்து குடையைத் தலைமேல் பிடித்தான். முதுகுவலிக்காரன் அவ்வளவு தூரம் நடந்து வந்ததே பெரிது.

வீடும் கிடைத்தது. உடனே கிடைக்கவில்லை. இழுத்தடித்து, இரண்டு தடவை சாவி கொடுக்கும் தேதியை மாற்றி, எண்பத்தைந்தில் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. கூரையின் ஒரு மூலை முதல் மழையிலேயே ஒழுகியது. ஆனால் சொந்தமானது, யாரும் நோட்டீஸ் ஒட்ட முடியாது. குடிபோன அன்று ராமையா வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ வாயத் தெறக்கலன்னா இதுவும் இல்ல, ராக்காயி" என்றார்.

"நெஜமா சொல்றீங்களா, அண்ணே?"

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். "தெரியல. அந்தப் பக்கத்துத் தோட்டத்துல விடாம நின்னாங்க, எல்லாருக்கும் கெடச்சிது. இன்னொரு எடத்துலயும் அதே மாதிரி நின்னாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லாம போச்சு. நாம நின்னிருந்தா இதுல எதுன்னு யாருக்குத் தெரியும்?"

சன்னாசி நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டான். "இதுக்குத்தானே ஓடுன? கெடச்சிருச்சுல்ல. வா, இப்படி உக்காரு" என்றான். ராக்காயி உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்து போய், ஏற்கனவே பெருக்கிய அறையை மறுபடி பெருக்கினாள்.

அந்த இரண்டாவது அறை மகனுக்கு என்று வைத்தது. அவன் சிங்கப்பூரிலேயே பெண் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அறை சும்மா கிடந்தது. அதன் கதவைத் திறக்கும்போதெல்லாம் ராக்காயிக்கு வீரம்மா போன லாரி நினைவுக்கு வரும். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வீரம்மா எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கத் தொடங்கினாள். பத்து காஜாவில் இல்லை என்றார்கள். குட்டை ஓரத்துக் கொட்டகைகளையும் பிரித்துவிட்டார்களாம். பாகான் டத்தோ பக்கம் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சீனியின் தம்பி சொன்னான்.

ஒரு நாள் லீவு கேட்டுக்கொண்டு கிளம்பினாள். தெலுக் இந்தானில் பஸ் மாற வேண்டியிருந்தது. அதற்கப்புறம் தரை தட்டையாகி, தென்னையும் செம்பனையும் மாறி மாறி வந்தன. கால்வாய்த் தண்ணீர் கறுப்பாக இருந்தது. இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து போய்ச் சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

வீரம்மா குலையிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிவிட்டு வந்திருந்தாள். விரல்களெல்லாம் முள் குத்திக் கறுத்திருந்தன. பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. "வாக்கா" என்றாள். பாயை விரித்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சீனி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. இருவரும் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

கோப்பை காலியான பிறகு ராக்காயி சொன்னாள்: "ஈப்போவுல பேக்டரிக்குப் பொண்ணுங்கள எடுக்கிறாங்க. மங்களத்த அனுப்பு. என் வீட்டுல தங்கிக்கிட்டு போய் வரட்டும்."

"ஏன்? பண்ணதுக்குப் பரிகாரமா?"

"ரூம்பு சும்மா கெடக்கு."

"நெறய பேரு வீட்டுல ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. அவங்கள்லாம் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வரல."

ராக்காயி காலிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அன்னிக்கு நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல. அத உங்கிட்ட கேட்டு வாங்கிக்கவும் வரல. ஒரு ஆளுக்கு எடம் இருக்கு. அத மட்டும் சொல்ல வந்தேன்" என்றாள்.

வீரம்மா சிரித்த மாதிரி இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. "நான் மறந்துட்டேன்னு மட்டும் நெனச்சிக்காத."

"நெனைக்கல."

"மங்களம்" என்று வீரம்மா கூப்பிட்டாள். உரம் போடுகிற வாளியோடு பின்பக்கத்திலிருந்து வந்தாள் மங்களம். நன்றாக வளர்ந்துவிட்டிருந்தாள். தோளில் தாயைப் போலவே ஒரு சாய்வு இப்போதே விழுந்திருந்தது. "இந்த அக்கா வீட்டுல தங்கிக்கிட்டு ஈப்போவுல வேலைக்குப் போறியா?"

மங்களம் ராக்காயியை மேலும் கீழும் பார்த்தாள். "ஷிப்ட் வேலையா? ராத்திரி வந்தா கதவு தெறப்பீங்களா?"

"தெறப்பேன்."

"அப்ப போலாம்" என்றாள். அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, வாளியைப் பார்த்துச் சொன்னாள்.

தீபாவளிக்கு மறுவாரம் அவள் ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். அதிகம் பேசாத பெண். சம்பளம் வந்தால் பாதியை வீட்டுக்கு அனுப்புவாள். ராக்காயியை அக்கா என்றும் கூப்பிடவில்லை, அத்தை என்றும் கூப்பிடவில்லை. ஆனால் சன்னாசியின் முதுகுக்குத் தைலம் வாங்கி வந்து மேசைமேல் வைப்பாள். கூரை ஒழுகுகிற மூலையில் வாளியை எடுத்து வைப்பதும் அவள் வேலையாயிற்று. அவள் வேலை முடிந்து வருகிற வரைக்கும் ராக்காயி முன்கூடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். வேலைக் களைப்பு ஒரு பக்கம், வயது ஒரு பக்கம். கதவு தட்டுகிற சத்தத்துக்கு எழுந்து தாழ்ப்பாளைத் திறப்பாள். இருவரும் படுக்கப் போவார்கள்.

பொங்கலுக்கு அடுத்த மாதம் ஒரு மத்தியானம் வீரம்மா மகளைப் பார்க்க வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் சற்று நேரம் நின்றாள். பிறகு வந்தாள். கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். ராக்காயி பின்னாலேயே போகவில்லை, கூடத்திலேயே நின்றாள்.

திரும்பி வந்து, "சின்னதுதான்" என்றாள் வீரம்மா.

"சின்னதுதான்" என்றாள் ராக்காயி.

வீரம்மா சுவரோரம் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள். பஸ் பயணம் உடம்பை அடித்துப் போட்டிருந்தது. "கொஞ்ச நேரம் படுக்கிறேன். அவ வேலை முடிஞ்சி வந்ததும் எழுப்பு" என்று சொல்லி, தோள் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். ராக்காயி மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சோற்றுக்கு அரிசி களையப் போனாள்.